கரையாம்புத்தூரில் எஃப்.எம். எடுக்கும் இடம்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா? ஒரு கிழவி பையில் ரேடியோவை வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் எங்கே போனாள், எதற்குப் போனாள், கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்கிறார்களே அது யார் கட்டில் என்று அத்தனையும் தெரிந்தாக வேண்டும். உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வழிந்து ஓடுகிறது, அதைப் போய் மூட நேரமில்லை. சரி, உட்காருங்கள். நடுவில் எழுந்து போனவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்ல மாட்டேன்.

என் தங்கை பச்சையம்மாவைக் கரையாம்புத்தூரில் கட்டிக் கொடுத்தது. நடவுக்கு இறங்கினால் அவள் பாட்டைக் கேட்டுத்தான் மற்றவர்கள் கை நகரும். போன அறுவடை முடிந்த சமயத்தில் அவளை என் ஊரான பூரணாங்குப்பத்துக்குக் கூட்டி வந்து, எங்கள் பக்கத்துச் சின்ன எஃப்.எம். நிலையத்தில் பாட வைத்தேன். அங்கே ஒரு பெண் மைக்கை நீட்டி, பாட்டையும் பேச்சையும் பதிவு செய்துகொண்டாள். எப்போது போடுவார்கள் என்று கேட்டதற்கு, வரிசையில் இருக்கிறது, சொல்லி அனுப்புகிறோம் என்றாள்.

அந்த வரிசை நகர்வதற்குள் பச்சையம்மாவுக்கு வாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. தண்ணீர் வேண்டும் என்றால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். அவ்வளவுதான் அவளுடைய பேச்சு.

அப்புறம்தான் அந்தப் பெண் போன் செய்தாள்.

"ஆயா, வர வெள்ளிக்கிழம காலைல உங்க தங்கச்சி பாட்ட போடறோம். கேளுங்க."

உடனே தங்கை மகன் ஏழுமலைக்குப் போன் போட்டேன். அவன் பெருமூச்சு விட்டான்.

"இங்க அந்த எஃப்.எம். எடுக்காது பெரிம்மா. சர்ருனு இரையும். அவங்ககிட்ட சொல்லி போன்ல அனுப்ப சொல்லேன். ராத்திரி பகல் எப்ப வேணா போட்டு காட்டலாம்."

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். மூஞ்ச திருப்பிகினாங்க."

எனக்குப் புரிந்தது. அவள் பாடியது போனுக்குள் போட்டு வைக்க அல்ல. வில்லியனூரில் ஒருத்தி அரிசி களைந்துகொண்டு, பாகூரில் ஒருத்தர் முகம் மழித்துக்கொண்டு, ஊரே கேட்கிற அதே நேரத்தில் தானும் கேட்க வேண்டும். அதுதான் ரேடியோ. இனி அவள் வாயிலிருந்து பாட்டு வரப்போவதில்லை. இது ஒன்றுதான் பாக்கி. அதனால் என் ரேடியோவையும் அரைக் கிலோ கருவாட்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு புதன்கிழமையே கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் கருவாடு முதலில் பேசிற்று. முன் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார். நான் ரேடியோவை எடுத்து மடியில் வைத்துத் திருகினேன். அதிலிருந்தும் வாசம் வந்தது.

"ஆயா, இன்னா ஸ்டேஷன் இது, இப்படி நாறுது?" என்றார் கண்டக்டர்.

"மீன் சந்தை நேரலை" என்றேன். "எனக்கு டிக்கெட் குடு. ரேடியோவுக்கு அர டிக்கெட்டா?"

விளையாட்டுக்கு ரேடியோவைத் திருகவில்லை. எது வரைக்கும் எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகத்தான். எங்கள் ஊரில் அந்த நிலையம் கூப்பிட்ட குரலுக்கு வரும். அடுப்படியில் எடுக்கும், குளியலறையில் எடுக்கும், தலையணைக்கு அடியில் வைத்தாலும் எடுக்கும். பாகூர் தாண்டியதும் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியது போல ஆயிற்று. பஸ் ஏரிக்கரைப் பக்கம் மேட்டில் ஏறினால் தொண்டை சரியாகிறது. பள்ளத்தில் இறங்கினால் மணலை முறத்தில் போட்டுப் புடைக்கிற சத்தம். நடுவில் தமிழ்நாடு கொஞ்சம் வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. சாராயக் கடை போர்டு தெரிந்தால் நம் புதுச்சேரி, தெரியாவிட்டால் அவர்கள் ஊர். ரேடியோவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. போர்டு மாறியதற்காக அது ஒரு சொல் கூட விடவில்லை. பள்ளத்துக்குத்தான் விட்டது.

ஒரு வளைவில் கரும்பு டிராக்டர் கயிறு அறுந்து பாதி லோடைச் சாலையில் கொட்டிவிட்டது. பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு கழியை முழங்காலில் வைத்து முறித்தார்கள். டிராக்டர்காரர் கத்தினார்.

"யோவ், இது ஆலைக்கி போற கரும்புயா!"

"ஆலைக்கி போனாலும் சாறுதான் எடுக்க போறான். நாங்க இங்கியே எடுத்துடறோம்" என்றார் கண்டக்டர்.

நான் ரேடியோவோடு வரப்பில் இறங்கினேன். எங்கள் நிலையம் இருந்த இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்துகொண்டு நகைக்கடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். கடலூர்ப் பக்கத்துப் பெரிய நிலையம். என் நிலையம் தூரத்தில் இளைத்துப்போனதும், பலமானவர் பக்கத்திலிருந்து ஏறி மேலே உட்கார்ந்துவிட்டார். குடும்பத்தில் நடப்பதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாய வீடு போய்ச் சேர்ந்தேன். பச்சையம்மா கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் குரல் கேட்டுத் திரும்பினாள். ரேடியோவைக் காட்டினேன். இடது கையால் அதை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டாள். கருவாட்டு வாசத்துக்குக் கூட மூக்கைச் சுளிக்கவில்லை. மருமகள் சுமதி அந்தக் கருவாட்டையே கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். எனக்குக் குழம்பும் சோறும். பச்சையம்மாவுக்குக் கஞ்சி, கரண்டியில். காரத்துக்கு உயிரை விடுகிறவள், என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பில் விரலை நனைத்து அவள் நாக்கில் வைத்தேன்.

"பெரியத்த, டாக்டரு உப்பு காரம் கூடாதுன்னாரு" என்றாள் சுமதி.

"டாக்டரு இங்க இல்லியே. நீ சொல்லிடாத."

மறுநாள் முழுக்க ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினோம். ஏழுமலை டி.வி.எஸ். வண்டியை ஓட்ட, நான் பின்னால் ரேடியோவை உயர்த்திப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் வெறும் இரைச்சல். மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைக்கு அடியில் அந்த இரைச்சலும் செத்தது. தென்னந்தோப்பில் இரண்டு சொல் வந்தது, மூன்றாவது சொல் வரவில்லை. நடுத்தெருவில் கடலூர் நகைக்கடைக்காரர். எதிர் மாடி வீட்டின் மொட்டை மாடிக்கு ஏழுமலை ஏறிப் பார்த்தான். அங்கே நன்றாக எடுத்தது. ஆனால் மாடிக்குப் போக இரும்பு ஏணிதான். அதில் நான் ஏறினாலே ஊர் வேடிக்கை பார்க்கும். பச்சையம்மாவை எப்படி ஏற்றுவது?

நிலையத்துப் பெண்ணுக்கே போன் போட்டேன்.

"எங்க டவரு சின்னது ஆயா. அலை நேரா வந்து சேரணும். நடுவுல மேடு, மரம், கட்டடம் இருந்தா இளைச்சிடும். தூரம் போவ போவ இன்னும் இளைக்கும். உங்க தங்கச்சி ஊரு கடைசி ஓரத்துல இருக்குது. உயரமான, மறைப்பில்லாத எடமா பாருங்க."

"நானே அஞ்சடி கூட இல்ல. இன்னும் எவ்ளோ உயரமா போவ?"

அவள் சிரித்தாள். ஏழுமலை சிரிக்கவில்லை. வண்டியை ஆற்றங்கரைக்கு விட்டான்.

தென்பெண்ணை ஓரத்தில் வெள்ளத்துக்காகப் போட்ட கரை ஊரை விட உயரம். மேலே ஏறியதும் பார்வைக்கு மறைவே இல்லை. வயல், வயல், அதற்கப்பால் பனை உச்சிகள், அப்புறம் வானம். ரேடியோவின் ஏரியல் ஏற்கெனவே பாதி உடைந்து போயிருந்தது. ஏழுமலை அதில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டான். யாரோ உரம் போடுவதைப் பற்றிப் பேசினார். நன்றாகவே கேட்டது. கம்பியை என் கையால் பிடித்தால் இன்னும் சுத்தமாக வந்தது. விட்டால் சர்ர்.

"இங்கதான்டா" என்றேன்.

அவன் கரையின் அந்தப் பக்கம் பார்த்தான். அங்கேதான் ஊரின் சுடுகாடு.

வீட்டில் சொன்னதும் சுமதி கரண்டியைக் கீழே போட்டாள். கரைக்குப் போகிறது ஒற்றையடிப் பாதை. ஆட்டோ போகாது. டிராக்டரில் வைத்தால் குலுக்கலில் அவள் தாங்கமாட்டாள். கட்டிலோடு நாலு பேர் தூக்க வேண்டியதுதான்.

"உசுரோட இருக்கறவங்கள கட்டில்ல வச்சி அந்த பக்கம் தூக்கினு போவாங்களா? நாளைக்கி ஒன்னு ஆச்சின்னா ஊரு என்னத்தான் பேசும். மருமவ அவசரப்பட்டுட்டான்னு சொல்லுவாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. அழுதாள். மாதக்கணக்காக மலம் மூத்திரம் எடுக்கிறவள் அவள். நான் கருவாட்டோடு வந்துபோகிறவள். ஏழுமலை யார் பக்கமும் பேசாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது கட்டில் சட்டம் தட்டுகிற சத்தம். தண்ணீர் கேட்கிற தட்டு இல்லை. ஓங்கி அடித்தாள். எல்லோரும் திரும்பினோம். பச்சையம்மா இடது கையை நீட்டி வாசலைக் காட்டினாள். அப்புறம் சுமதியைக் கிட்டே வரும்படி கையசைத்து, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, மறுபடி வாசலைக் காட்டினாள்.

சுமதி மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப ஒன்னு. அத்தைக்கு சிவப்பு பொடவதான் கட்டிவுடுவேன். வாயில வெத்தல. கையில ஒரு கொடைய விரிச்சி பிடிச்சிகினு போவட்டும். எந்த பொணமாவது கொட பிடிக்குமா? பாக்கறவங்களுக்கு தெரியணும்."

"இத நீ முன்னாடியே சொல்லி இருந்தா நாம அழுவாம இருந்திருக்கலாம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, குளிப்பாட்டி, சிவப்புப் புடவை கட்டி, வெற்றிலை மடித்துக் கொடுத்து, குடையை இடது கையில் செருகினோம். ஏழுமலையும் பக்கத்து வீட்டு ஆண்கள் மூன்று பேரும் கட்டிலைத் தூக்கினார்கள். நான் ரேடியோவை இரண்டு கையாலும் மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். எந்த இடத்தில் எடுக்க ஆரம்பிக்கிறது என்று கவனிக்க வேண்டுமே.

குடை நல்ல யோசனைதான். ஆனால் நோயாளிக் கை எத்தனை தூரம் பிடிக்கும்? தெரு திரும்புவதற்குள் கை சோர்ந்து, குடை சாய்ந்து அவள் முகத்தையே மூடிவிட்டது. இப்போது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது என்ன? நாலு பேர் தோளில் கட்டில். அதில் அசையாத உடம்பு. முன்னால் ஒருத்தி கறுப்பாக எதையோ ஏந்திக்கொண்டு தலை குனிந்து நடக்கிறாள். கொள்ளிச் சட்டி தூக்கிக்கொண்டு போகிற மாதிரியே இருந்திருக்கும். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியவில்லை. நான் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு போனேன்.

டீக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். ஒருவர் மற்றவரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

"பையன் குத்துக்கல்லாட்டம் இருக்கறான். பொம்பள இன்னாத்துக்குயா கொள்ளி தூக்கினு போவுது?"

நான் திரும்பிப் பதில் சொல்வதற்குள் அஞ்சலாட்சி வந்துவிட்டாள். பச்சையம்மாவோடு முப்பது நடவு இறங்கியவள். தலையை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்து கட்டிலைப் பிடித்தாள்.

"என் கூட்டாளி போறியே! எனக்கு சொல்லாம போறியேடி!"

குடை நிமிர்ந்தது. அடியிலிருந்து பச்சையம்மா வெற்றிலை வாயோடு எட்டிப் பார்த்தாள்.

அஞ்சலாட்சி போட்ட சத்தத்துக்குத் தென்னையில் இருந்த காக்கா எல்லாம் பறந்தது. கட்டிலைப் பின்னால் தூக்கியவர் சிரிப்பில் தோளைத் தவறவிடப் பார்த்தார். அஞ்சலாட்சிக்குப் பயம் போனதும் கோபம் வந்தது.

"உசுரோட இருக்கறவள எங்கடி தூக்கினு போறீங்க, பாவிங்களா?"

"பாட்டு கேக்க" என்றேன். "அவ பாட்ட. ரேடியோல. கரை மேலதான் எடுக்குது."

அஞ்சலாட்சி கூந்தலை முடிந்துகொண்டாள். சாய்ந்த குடையை வாங்கித் தானே பச்சையம்மாவுக்குப் பிடித்துக்கொண்டு கட்டிலோடு நடந்தாள். சாவுக்கென்று துண்டு கட்டியவர்கள் சும்மா வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் பின்னால் வந்தார்கள். டீக்கடைக்காரர் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டே வந்தார்.

கரையில் கட்டிலை இறக்கி, வடகிழக்கே எங்கள் ஊர் இருக்கிற பக்கம் பச்சையம்மாவைத் திருப்பி வைத்தோம். ரேடியோவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக் கம்பியைப் பிடித்தேன். நெல் விதை பற்றி ஒரு விளம்பரம். அப்புறம் அந்தப் பெண்ணின் குரல்: அடுத்து, கரையாம்புத்தூர் பச்சையம்மாவின் நடவுப் பாட்டு.

அவ்வளவுதான், வந்த கூட்டம் மொத்தமும் கட்டிலைச் சுற்றி மொய்த்தது. ரேடியோ சர்ரென்று செத்தது.

"தள்ளுங்கயா! மறைக்கறீங்க!" என்று கத்தினேன். "அலை உங்க தொப்பைய தாண்டி வரணுமா?"

தள்ளினார்கள். இரைச்சலுக்கு நடுவே ஒரு வரி வந்தது, போயிற்று. கம்பியை மேலே தூக்கினேன், தோள் வலித்துக் கை இறங்கியது. மறுபடி போயிற்று. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரிகிறது, இதோ இந்தக் காற்றில்தான் இருக்கிறது, என் கைக்கு வரவில்லை. இதற்கா இவளைச் சுடுகாட்டு வழியில் தூக்கி வந்தேன்? சுமதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பச்சையம்மா இடது கையை நீட்டினாள். தண்ணீருக்கு இல்லை. கம்பிக்கு. கொடுத்தேன்.

அவள் கம்பியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி மூடிக்கொண்டாள். கையை அசைக்காமல் மார்பின் மேல் வைத்தாள். இரைச்சல் விலகியது. அவள் குரல் வந்தது. அடிவயிற்றிலிருந்து எடுத்து, வரியின் கடைசியில் ஒரு இழுப்பு இழுப்பாளே, அந்த இழுப்பு அப்படியே வந்தது. நான் பிடித்தால் நில்லாதது அவள் பிடித்ததும் நின்றது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான்.

துண்டுக்காரர்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பச்சையம்மாவின் உதடு, நகர்கிற பாதி மட்டும், பாட்டோடு நகர்ந்தது. சத்தம் இல்லை. சத்தம் எல்லாம் ரேடியோவில் இருந்தது. அஞ்சலாட்சி தன்னை அறியாமல் அடுத்த அடியைத் தாழ்ந்த குரலில் எடுத்தாள், நடவில் எடுப்பது போலவே. ரேடியோவில் ஒருத்தி, கரையில் ஒருத்தி, இரண்டு பேருமாகப் பாட்டை முடித்தார்கள்.

அப்புறம் பேச்சு. இந்தப் பாட்டை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று அந்தப் பெண் கேட்கிறாள். ரேடியோப் பச்சையம்மா சொன்னாள்:

"எங்கக்காகிட்டதான். அவ பாடனா மாடு கயித்த அத்துகினு ஓடும். அப்படி பாட கூடாதுன்னு அவளப் பாத்துதான் கத்துகினேன்."

சொல்லிவிட்டு ரேடியோவில் சிரித்தாள்.

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கட்டிலிலிருந்து ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். சுமதிதான் முதலில் கண்டுகொண்டாள். "அத்த!" என்று மண்டியிட்டாள். பச்சையம்மா சிரித்தாள். பாதி வாயில், கரகரத்து, உடைந்து. வாதம் வந்த நாளிலிருந்து அவள் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அது. அவள் முகத்தில் என்னைக் கிண்டல் செய்த பழைய களை.

நிகழ்ச்சி முடிந்து யாரோ வானிலை சொன்னார். அவள் கம்பியை விடவில்லை. நாங்களும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. வெயில் ஏறிய பிறகு தானே விரலைப் பிரித்தாள்.

திரும்பும்போது புதுச் சண்டை. கட்டிலுக்குப் பின்னால் இந்த வழியில் வந்தால் தலை முழுகாமல் வீட்டுக்குள் போகக் கூடாது என்றார் துண்டுக்காரர் ஒருவர்.

"யாரும் சாவலையே, இன்னாத்துக்கு முழுவணும்?" என்றார் டீக்கடைக்காரர்.

"வந்தது சாவுக்குன்னுதான வந்தோம்?"

கடைசியில் மோட்டார் கொட்டகைத் தண்ணீரில் எல்லோரும் கால் மட்டும் கழுவினார்கள். பச்சையம்மாவின் காலையும் அஞ்சலாட்சி கழுவிவிட்டாள்.

மறுநாள் கிளம்பினேன். ரேடியோவை அவளிடமே விட்டுவிட்டேன். வீட்டுக்குள் அது இரைச்சல்தான் எடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அந்தச் சிரிப்பும் மறுபடி வரவில்லை என்று ஏழுமலை சொல்கிறான்.

பூரணாங்குப்பம் வந்து இறங்கியதும் நீங்கள்தானே முதலில் வந்து சூழ்ந்தீர்கள்? பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்:

"இன்னாத்துக்குக்கா அவ்ளோ தூரம் போயி அவஸ்தப்பட்ட? நாங்க இங்கியே வூட்டுல ஒக்காந்து கேட்டோம். மணி மாதிரி இருந்திச்சி. ஒரு சொல்லு வுடல."

"என்ன பத்தி சொன்னது?"

"அதுவும் கேட்டோம்" என்று எல்லோரும் சிரித்தீர்கள்.

"சொல்லிட்டு சிரிச்சாளே, அது?"

"அதுவும்தான் தெளிவா கேட்டுது."

"அதுக்கு பின்னாடியே இன்னொரு சிரிப்பு வந்துதே, கரகரன்னு. அது?"

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டீர்கள். இல்லை என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அப்ப உங்களுக்கு இங்க சரியா எடுக்கலடி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன்.